கடைசித் தெருக் கிணறு

அந்தக் கடையில் எல்லாம் இருந்தது. தண்ணீர் பாட்டில் மட்டும் இல்லை.

சித்திரை மாதத்து வெயில். சேரன்மகாதேவி தாண்டி பஸ்ஸை விட்டிறங்கி, ஆற்றங்கரையை ஒட்டிய அந்த ஊருக்குள் அரை மணி நேரம் நடந்திருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடையில் சோப்பு, சீப்பு, பிளாஸ்டிக் குடம், அத்தர், பேரீச்சம்பழம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜில் கலர் பாட்டில்கள் வேர்த்துப்போய் நின்றன.

"தண்ணி பாட்டில் ஒண்ணு கொடுங்க அண்ணாச்சி."

"தண்ணி கிடையாது. கலர் இருக்கு, மோர் இருக்கு."

"சும்மா தண்ணி போதும்."

"நம்ம கடையில தண்ணி விக்கதில்ல."

வாசலில் கிடந்த பெஞ்சியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சிரித்தார். "அவரு வித்தாலும் எவன் வே வாங்கிக் குடிப்பான்? வெசக் கம்பவுண்டர் வீடுல்லா அது."

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் பெயர் அமீது. எழுபதைத் தாண்டியவர். சவூதியில் தம்மாமில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து இந்தக் கடையை வைத்திருந்தார். அவரைப் பார்க்கத்தான் நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தேன். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பெஞ்சிக்காரர் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க வாப்பாவோட வாப்பா, கம்பவுண்டர் மீராசா. அவரைப் பத்தி ஒரு நாவல் எழுதிக்கிட்டு இருக்கேன்."

துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அஞ்சரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு," என்றார். "அதுல போயிரும்."

ஒரு கேள்விக்குறி

மீராசா என்ற பெயர் என்னிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஒருநாள் ஒரு பெரியவர் தம் ஊரின் வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சடிக்கக் கொண்டுவந்தார். பள்ளிவாசல் கட்டியவர், பள்ளிக்கூடம் கொண்டுவந்தவர், முதலில் மோட்டார் கார் வாங்கியவர் என்று ஒரே பெருமைப் பட்டியல். நடுவில் ஒரு வரி: 'நமதூர்க் கிணற்றில் விஷம் கலந்த கம்பவுண்டர் மீராசாவும் இவ்வூரைச் சேர்ந்தவரே.'

அந்த வரியின் ஓரத்தில் 'விஷமா?' என்று பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். பெரியவர் புரூஃபைப் பார்த்துவிட்டு, "வெஷந்தான். அப்படியே போடும்," என்றார்.

புத்தகம் அப்படியே வந்தது. கேள்விக்குறி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

சிவப்பு மருந்து

நூறு வருஷம் இருக்கும். நதிக்கரை ஊர்களில் வாந்திபேதி பரவிய காலம். அரசாங்கத்தார் கிணறுகளில் பெர்மாங்கனேட் போடச் சொன்னார்கள். அதைப் போட்டால் தண்ணீர் ரோஜா நிறமாகும். சனங்கள் பயந்துபோனார்கள். அரசாங்கம் ஏதோ கலந்து தங்களைக் கொல்லப் பார்ப்பதாகவே பல ஊர்களில் பேச்சு.

மீராசா அந்த ஊர்க்காரர். உள்ளூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தெருத் தெருவாகப் போய் மருந்து போட்டவர் அவர்தான். மற்ற தெருக்களில் நோய் அடங்கியது. கடைசித் தெரு என்று அழைக்கப்பட்ட தெருவில் மட்டும், கிணறு சிவந்த பிறகு ஒன்பது பேர் செத்தார்கள். கம்பவுண்டர் விஷம் வைத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. பேரப்பிள்ளைகள் காலம் வரை பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. அவர் ஊரைக் காப்பாற்றியவர். ஊர் அவர்மேல் பழி போட்டுவிட்டது. இதைவிட நாவலுக்கு என்ன வேண்டும்?

சென்னைக்குப் போய்ப் பழைய அரசாங்கக் காகிதங்களை நான்கு நாள் புரட்டினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது ஒரு குறிப்பு அகப்பட்டது. அந்தக் கம்பவுண்டர் தம்முடைய சொந்த வேண்டுகோளின்பேரில் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று இருந்தது. சொந்த வேண்டுகோளா? அது என் கதைக்கு ஒத்துவரவில்லை. மிரட்டி எழுதி வாங்கியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறு பக்கம் எழுதியாயிற்று. என் மனைவி படித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மனுஷன் கூட ஒருநாள் குடித்தனம் பண்ண முடியுமா? ஒரு தப்பாவது செய்ய வேண்டாமா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எழுதுகிறவனுக்குக் கோபம் வந்தால் பெரும்பாலும் சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கும். அது அப்போது தோன்றவில்லை.

குடையுடன் வந்தவர்

அமீது விரட்டிவிட்ட அன்று பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். குடை பிடித்தபடி ஓர் அம்மையார் வேகமாக வந்தார். அறுபத்தைந்துக்கு மேல் வயது. தோளில் துணிப்பை.

"கதை எழுதுத தம்பி நீங்கதானா? காக்கா போன்ல கத்துதாவ."

அமீதின் தங்கை சுலைகா. அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"எங்க வீட்டுத் தண்ணிதான். குடிப்பீங்களா?"

வாங்கிக் குடித்தேன். பாதி பாட்டில் காலியாகும்வரை அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல நான் பானையில மோந்துட்டா, அன்னைக்கு வேற பிள்ளைய குடிக்காது," என்றார். "விளையாட்டுக்குத்தான். வாத்தியாரு கூட சிரிப்பாரு. காக்காவுக்குப் பேசி முடிச்ச முதல் பொண்ணு வீட்ல இதைக் கேள்விப்பட்டுத்தான் வேண்டாம்னுட்டாவ. எங்க பெரியவரை நல்ல மனுஷன்னு எழுதுவீங்களா தம்பி?"

"அவரு நல்ல மனுஷந்தான் டீச்சர். ஊரைக் காப்பாத்தினவரு."

அவர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பஸ் வந்தது. "அடுத்த தடவை கடைக்குப் போகாண்டாம். நேரா வீட்டுக்கு வாங்க. அவரு எழுதி வச்ச கிதாபு ஒண்ணு இருக்கு," என்றார்.

கிதாபு என்றால் புத்தகம். அந்தச் சொல்லைக் கேட்டபின் பஸ்ஸில் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

பச்சைத் துணி

இரண்டு தடவை போனேன். புட்டும் வாழைப்பழமும் கிடைத்தன, கிதாபு கிடைக்கவில்லை. மூன்றாவது தடவைதான் டீச்சர் அதை எடுத்தார். முதலில் கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தார். அலமாரியின் மேல்தட்டில், குர்ஆனுக்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து, முத்தமிட்டு, பாயில் வைத்துப் பிரித்தார்.

உள்ளே இருந்தது ஒரு நீள நோட்டு. ஆஸ்பத்திரிகளில் மருந்து எழுதுவார்களே, அந்த மாதிரி. முழுவதும் அரபு எழுத்து. மசி பழுப்பேறியிருந்தது.

"வாப்பா மவுத்தாப் போறப்ப, இது பெரியவரு எழுதின கிதாபு, ஒளு இல்லாமத் தொடக்கூடாதுன்னு சொன்னாவ. நான் சின்ன வயசுல ஒருக்க படிச்சுப் பாத்தேன். குர்ஆன் எழுத்து மாரி இருக்கு, ஆனா ஓட மாட்டேங்கு. ஃபார்சின்னு நினைச்சு மூடி வச்சிட்டேன்."

எழுத்துகளின் அடியில் அங்கங்கே கூடுதலாகப் புள்ளிகள் இருந்தன. அச்சகத்தில் ஒரு தடவை இப்படிப்பட்ட பக்கங்களுக்குப் பிழை பார்த்திருக்கிறேன். தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற பழக்கம் ஒன்று இருந்தது. ட, ண, ள போன்றவை அரபியில் இல்லாததால் புள்ளி வைத்து உண்டாக்கிக்கொள்வார்கள்.

"டீச்சர், இது தமிழு. அர்த்தம் தேடாதீங்க. எழுத்துக்கூட்டிச் சத்தமா மட்டும் படிங்க. புள்ளி எதுன்னு நான் சொல்லுதேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குழந்தை மாதிரி விரல் வைத்து ஆரம்பித்தார்.

"க... கி... கிண... கிணத்... கிணத்துக்கு." நிமிர்ந்தார். "தம்பி! கிணத்துக்கு!"

இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு வரி கடப்பதற்குக் கால் மணி நேரம் ஆனது. முதல் பக்கங்களில் தெருக்களின் பெயரும் மருந்தின் அளவும்தான். பிறகு டீச்சரின் வாய் பழகிக்கொண்டது. வேகம் கூடியது. நான் என் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்:

'கடைசித் தெருக் கிணத்துக்கு மருந்து இல்லை. திருநெல்வேலி வண்டி வரவில்லை. சனங்கள் வந்து காலைப் பிடிக்கிறார்கள். மற்ற தெருவில் நோய் நின்றது, எங்கள் கிணத்தையும் சிவப்பாக்கு என்கிறார்கள். இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போவோம் என்கிறார்கள். போனால் போகிற ஊருக்கெல்லாம் நோய் போகும். என் பெண்சாதி பிறந்த வீடு பத்தமடை. அங்கே பாய்க்கோரைக்குச் சாயம் ஏற்றுகிற சப்பங்கிக் கட்டை எங்கள் வீட்டில் கிடந்தது. அதைக் காய்ச்சி அந்தச் சிவப்பைக் கிணத்தில் ஊற்றினேன். சனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒரு கிழவி என் கையை முத்தமிட்டாள்.'

டீச்சரின் விரல் நின்றது. "சாயமா?" என்றார். விரல் மறுபடி நகர்ந்தது.

'வண்டி வந்ததும் நிஜ மருந்து போட்டுவிடலாம் என்று இருந்தேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று முன்னே நான்தான் சொல்லியிருந்தேன். காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சிவப்பைப் பார்த்தபின் காய்ச்சுவதை விட்டார்கள். நான் பார்த்தேன். காய்ச்சுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் வண்டி வந்தது. அதற்குள் தெருவே நோயில் விழுந்துவிட்டது. ஒன்பது மவுத்து. விஷம் வைத்தேன் என்கிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.'

அவ்வளவுதான். அதற்குப் பின் வெற்றுப் பக்கங்கள்.

டீச்சர் நோட்டை மூடினார். துணியைச் சுற்றப் போனவர் சுற்றாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா இதுக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன் தம்பி," என்றார்.

வாசலில் நின்றவர்

நாங்கள் திரும்பியபோது அமீது வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தாரோ. என்னைத் துரத்த வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றாமலே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அப்பம் ஊரு சொன்னது நெசந்தானா?"

"வெஷம் வைக்கலை காக்கா."

"வைக்கலை. சரி." சிறிது நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

எனக்குப் பயமாக இருந்தது. தொண்ணூறு பக்கம் போனது ஒரு பக்கம். அதைவிட, நல்ல பெயர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்து, இருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்றிருந்தது. நானாகவே சொன்னேன்:

"இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். மறுபடி துணியில சுத்தி மேல வச்சிருவோம். நான் இந்த நாவலையே எழுதல."

"நீங்க எழுத மாட்டீங்க, சரி," என்றார் டீச்சர். "நாங்க படிச்சிட்டமே?"

அமீது எழுந்து நின்றார். "கடைசித் தெருவுல காசிம் இருக்கான். என்கூடப் படிச்சவன். அவன் வீட்லதான் அதிகம் மவுத்து. பள்ளிக்கூடத்துல எல்லாப் பயலும் என்னைய வெசம் வெசம்னு கூப்பிடுவான். காசிம் ஒருநாளும் சொன்னதில்ல. ஏன்னு நானும் கேட்டதில்ல." வாசல் பக்கம் திரும்பினார். "அவன்கிட்ட சொல்லணும்."

"நல்லா யோசிச்சுக்கிடுங்க அண்ணாச்சி," என்றேன்.

"யோசிச்சா நான் போகமாட்டேன் வே."

வெள்ளிக்கிழமை

ஜும்ஆத் தொழுகை முடிந்து மூன்று பேரும் கடைசித் தெருவுக்குப் போனோம். நானும் வர வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். புள்ளி எதுவென்று சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பதாம்.

காசிம் பாய் வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்து வயதிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறார். எங்களைக் கண்டதும் மிஷினை நிறுத்தி, நூலைக் கடித்துத் துப்பிவிட்டு எழுந்தார். "வாலே அமீது. டீச்சர், வாங்க. என்ன எல்லாரும் சேந்து வந்திருக்கீங்க, கல்யாணமா?"

அமீது பேச ஆரம்பித்தார். "காசிம், எங்க பெரியவரு..." என்றவருக்கு அதற்கு மேல் வரவில்லை. டீச்சர் நோட்டைப் பிரித்தார். இந்தத் தடவை தடங்கல் இல்லை. ஒரே மூச்சில் படித்தார். 'காய்ச்சுங்கள் என்று சொல்லவில்லை' என்ற இடத்தில் குரல் உடைந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து தெளிவாகப் படித்துவிட்டுத்தான் மேலே போனார்.

காசிம் பாய் மடியில் கிடந்த நீலத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"மாப்பு கேட்டுப் போக வந்தோம்," என்றார் அமீது.

"நான் எப்படிலே தர முடியும்?" காசிம் பாயின் குரலில் கோபம் இல்லை. "நான் அந்தத் தண்ணியக் குடிச்சவன் இல்லையே."

அமீது தலையாட்டினார். சரி என்பதுபோல எழுந்தார். டீச்சரும் எழுந்தார்.

"இருலே. எங்க போற? நான் சொல்லுததையும் கேளு."

உட்கார்ந்தார்கள்.

"எங்க வாப்பாவுக்கு அப்பம் எட்டு வயசு. செத்தவங்க மய்யித்தைத் தொட ஆளில்லாமத் தெருவே கதவடைச்சிக்கிட்டு கெடந்திருக்கு. உங்க பெரியவருதான் வீடு வீடா வந்தாராம். ஆம்பளை மய்யித்தை அவரு குளிப்பாட்டுனாரு. பொம்பளைகளை அவரு பெண்சாதி குளிப்பாட்டுனாவ. அழுதுகிட்டே குளிப்பாட்டுனாருன்னு எங்க வாப்பா சாகுத வரைக்கும் சொல்லுவாவ. அன்னியன் நமக்காக இப்படி அழுதானே, அவனைப் போய் வெசம்னு சொல்லலாமான்னு கேப்பாவ. அதான் நான் உன்னைய அப்படிக் கூப்பிட்டதில்ல." துணியை மடித்து மிஷின் மேல் வைத்தார். "எதுக்கு அழுதாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

காசிம் பாயின் மனைவி நாலு டம்ளர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, டீச்சரின் தோளில் கையை வைத்தபடி பக்கத்திலேயே நின்றார்.

காசிம் பாய் என் பக்கம் திரும்பினார். "எழுதுதவரு நீருதானா?"

"ஆமா பாய். ஆனா இனிமே எழுதுவேனான்னு தெரியல."

"எழுதும். மறைக்காண்டாம். ஆனா அந்த ஒம்பது பேரு யாருன்னு உமக்குத் தெரியுமா?"

தெரியாது. தெரியாது என்பதே அவர் கேட்டபோதுதான் தெரிந்தது. நான்கு நாள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மீராசா எந்தத் தறித்துணியில் சட்டை போட்டிருப்பார், மாட்டு வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்றெல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறேன். அந்தத் தொண்ணூறு பக்கத்தில் கடைசித் தெருவுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தேன்: 'அங்கே சிலர் இறந்தனர்.'

"எங்க வாப்பா செத்தவங்களுக்காக வருஷா வருஷம் அந்த நாள்ல பேரு சொல்லித்தான் பாத்திஹா ஓதுவாவ. நானும் விடாம ஓதுதேன். ஒம்பது பேரும் எனக்கு மனப்பாடம். எழுதிக்கிடுதீரா?"

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றக் கை வரவில்லை. பக்கத்தில் இருந்த அமீது அதை வாங்கிக் கழற்றிக் கொடுத்தார்.

"மொதல்ல ஆயிஷா," என்றார் காசிம் பாய். "எங்க வாப்பாவோட தங்கச்சி. நாலு வயசு. ஆயிஷான்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாளாம். ஏ கருவாச்சின்னாத்தான் ஓடி வருவாளாம். கூப்பிடுத பேரையும் சேத்து எழுதும்."

எழுதினேன்.

அமீது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்தது யாருலே?" என்று கேட்டார்.